மேலே

நகரசபையின் துண்டுப் பிரசுரத்தில் பன்னிரண்டு குறிப்புகள்.
சொல்லுக்குப் பதினொரு சென்ட் கூலி.
மணல்மூட்டை என்று தமிழில் எழுதும்போது
கை ஒரு கணம் நின்றது.
வேறு சொல் இல்லை, எழுதினேன்.
சைரன் என்றும் எழுதினேன்,
ஒரு நிமிடம் ஏறி ஏறி இறங்கும் என்று.
ஏழாவது குறிப்பு சின்ன எழுத்தில் இருந்தது:
நிலவறைக்குள் இறங்க வேண்டாம்.
அதையும் சின்ன எழுத்திலேயே வைத்தேன்.

ஹாகன் நகரத்து ஃபோல்மே
மற்ற நாட்களில் ஆறே இல்லை,
பாலத்தடியில் பியர் டின் உருட்டும் ஒரு முனகல்.
அந்த ஆடியில் மட்டும்
தபால்பெட்டி உயரம்வரை எங்கள் தெருவுக்குள் வந்து போனது.
மூன்று முறை வெள்ளையடித்தாகிவிட்டது,
ஈரம் அதே இடத்தில் கோடு கீறுகிறது.
கோட்டுக்குக் கீழே வாடகை மலிவு.
ஆகையால் அங்கே நாங்கள்,
சிரியாக்காரர், உக்ரேனிலிருந்து வந்த இரண்டு சகோதரிகள்,
ஒருவருக்கும் வணக்கம் சொல்லாத ஒரு ஓய்வுபெற்ற ரயில்காரர்.

செப்டெம்பர், இரண்டாவது வியாழன், பகல் பதினொன்று.
ஒத்திகை.
அனர்த்தப் பிரிவு வீஷ்மன் அம்மையார்
கையில் பட்டியலோடு, நான் அவர் பக்கத்தில்.
சைரன் எழுந்தது.
பதினான்காம் இலக்கத்தில் மணி அடித்தோம், தட்டினோம்,
கதவு திறந்தே கிடந்தது, அடுப்பில் பருப்பு கொதித்தபடி.

நிலவறையில் இருந்தார்கள்.
சலவை இயந்திரங்களுக்கு நடுவே
தவநாதன் அண்ணை, அவர் மனைவி கோசலை,
இரண்டாம் மாடி உம் நிடால், அவள் மடியில் பெடியன்.
குந்தியிருந்து, முதுகு சுவரில் பட,
வாயைச் சற்றே திறந்து, காதுகளைப் பொத்தி.
குண்டுக்கு வாய் திறந்திருக்க வேண்டும்,
செவிப்பறை கிழியாது.
இது எந்தப் பிரசுரத்திலும் இல்லை.

பக்கத்தில் பொலித்தீன் பையில் பாஸ்போர்ட்டுகள்,
டோர்ச், ஆறு போத்தல் தண்ணீர், சுகர் மாத்திரை.
ஒன்று முதல் ஆறு வரை எல்லாக் குறிப்பும் சரி.
"சரியாத்தானே செய்தனாங்கள்?" என்றார் அண்ணை.
வீஷ்மன் அம்மையார் படியில் நின்று
ஏன் என்று என்னைப் பார்த்தார்.
பதினொரு சென்ட் சொல் எதுவும் வரவில்லை.
உம் நிடால் கையை மேலே காட்டி, விமானம் போல் அசைத்து,
பிறகு கீழே, தரையைத் தட்டினாள்.
அம்மையார் பேனாவை மூடினார்.

ஐப்பசியில் கூட்டம்.
மூவாயிரம் பிரதி அச்சாகிவிட்டது, காசில்லை என்றது நிதிப்பிரிவு.
அம்மையார் ஒரு ரப்பர் முத்திரை செய்வித்தார்:
சிவப்பு அம்பு, மேல்நோக்கி.
மூன்று பின்னேரங்கள் நாங்கள் இருவரும் குத்தினோம்,
என் பெருவிரல் கார்த்திகை வரை சிவப்பு.
மேல்மாடிக்காரர் கதவு திறக்கச் சம்மதம் என்று
கையெழுத்திடும் படிவமும் வந்தது.
ஒருத்தி உடனே போட்டாள்.
ஒருவர் கம்பளத்தை யார் கழுவுவது என்றார்.
ரயில்காரர் படிவத்தைத் தரவில்லை,
ஒரு சாவியைத் தந்தார்.

இப்போது மாதத்தில் ஒரு வியாழன் ஏறிப் பழகுகிறோம்.
பெடியன்தான் முன்னால்.
தவநாதன் அண்ணைக்கு மூட்டுவலி, இருபத்திரண்டு படி,
பன்னிரண்டில் நின்று மூச்சு வாங்கி
ஒவ்வொரு முறையும் கீழே திரும்பிப் பார்க்கிறார்.

அவரைப் பற்றி எழுதிவிட்டேன்,
என்னைப் பற்றி எழுதவில்லை.
அந்த வியாழன் தெருவில், கையில் மாதிரிப் பிரதியோடு,
சைரனின் முதல் ஏற்றத்திலேயே
என் கண்கள் தேடியது
தரையில் ஒரு குழியை.